பார்க்க அனுமதி உள்ளவர்கள்

கீழக்கரையில் வீடு என்பது பெண்ணின் பேரில்தான் இருக்கும். மகளுக்குக் கல்யாணம் பேசுவதற்கு முன்னாலேயே வாப்பா வீட்டைக் கட்ட ஆரம்பித்துவிடுவார். மாப்பிள்ளை பெட்டியோடு அந்த வீட்டுக்கு வந்து சேருவார். வந்த வேகத்திலேயே துபாய்க்கோ சார்ஜாவுக்கோ விமானம் ஏறிவிடுவார் என்பது வேறு விஷயம். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, கேமரா மாட்ட வெளியூரிலிருந்து வருகிற பயல்களின் மண்டையில் மட்டும் ஏறாது. ஏணியைச் சாத்தியதும், "ஓனர் சார் நம்பர் குடுங்க மேடம்" என்பார்கள். சார் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பார். அவர் நம்பரைப் போட்டு, அவரையே ஓனராக்கி, அவருக்குப் போகிற ஓ.டி.பி.யை வாட்ஸப்பில் வரவழைத்து, வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கப்புறம் வீட்டுக்காரிக்குத் தன் வாசலில் நிற்பது யாரென்று பார்க்க வேண்டுமானால் சார்ஜாவிலிருந்து அனுமதி வர வேண்டும்.

இதைக் கண்டாலே சூஃபியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "வீடு யார் பேருல இருக்கோ, கேமராவும் அவங்க பேருலதான் இருக்கணும். பத்திரத்துல பேரில்லாதவருக்கு ஆப்புல மட்டும் என்ன பட்டம்?" என்பாள். மாட்டியதையெல்லாம் அழித்துவிட்டு, வீட்டுக்காரியின் போனைக் கையில் வாங்கி, முதலிலிருந்து செய்வாள்.

அவளைத் தேடிப் பெண்கள் வந்ததற்குக் காரணம் அவளுடைய படிப்பு இல்லை. படிப்பு என்று பார்த்தால் பாலிடெக்னிக் டிப்ளமோதான். அந்த ஊர்ப் பெண்கள் தங்கள் போனை அந்நிய ஆண் கையில் கொடுக்க மாட்டார்கள். போனில் மகள் நிக்காஹ் போட்டோ இருக்கும், மருமகளின் வாய்ஸ் மெசேஜ் இருக்கும், மாமியாரைப் பற்றித் தங்கச்சிக்கு அனுப்பியது இருக்கும். ஆகவே கேமராவை ஆண்கள் மாட்டினார்கள். யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது என்பதை சூஃபியா முடிவு செய்து வைத்தாள். கேமராவில் ஓடுகிற படம் எங்கோ இருக்கிற கம்பெனி சர்வருக்குப் போய், அங்கிருந்து அனுமதி கொடுத்த ஒவ்வொரு போனுக்கும் வந்து சேரும். அனுமதி உள்ளவன் அலாஸ்காவில் இருந்தாலும் அடுப்படியைப் பார்க்கலாம். அனுமதி இல்லாவிட்டால் அடுத்த அறையில் இருப்பவனுக்கும் ஒன்றும் தெரியாது.

அவள் பார்த்த கூத்துகளைச் சொன்னால் பொழுது போதாது. போன வருஷம் வேலையை விட்டு நிறுத்திய டிரைவரின் போனில் இன்னமும் அந்த வீட்டுக் கூடம் ஓடிக்கொண்டிருக்கும். சென்னையில் இருக்கிற மாமியார், மருமகள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று கேமராவில் பார்த்து வைத்துக்கொண்டு, சாயங்காலம் வேறு எதையோ விசாரிப்பதுபோலப் போன் போடுவார். மருதாணி இரவுக்குப் பெண்கள் பாடி ஆடியதை மாப்பிள்ளையின் கூட்டாளி எவனோ பார்த்துவிட்டான் என்று ஒரு கல்யாணமே ஆட்டம் கண்டது. சூஃபியா போய் உட்கார்வாள். ஒவ்வொரு பெயராக வாசிப்பாள். "இவரு யாரு? இன்னும் தேவையா? இல்லைன்னா தூக்குங்க." வேலை முடிந்ததும், சரிபார்க்கச் சேர்த்திருந்த தன் பெயரையும் வீட்டுக்காரியின் விரலாலேயே நீக்க வைப்பாள். "என்னையும் தூக்குங்க மாமி. நான் மட்டும் என்ன வானத்துலேர்ந்து வந்த மலக்கா?"

அவளுக்கு ஊரில் பட்டப்பெயரே உண்டு, பெர்மிஷன் சூஃபியா. அவள் முதன்முதலில் நீக்கிய பெயர் தன் புருஷனுடையது. மலேசியாவுக்குப் போனவன் அங்கே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்திக்கொண்டு, கீழக்கரை வீட்டு வாசலையும் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தான். "தலாக்கு அவன் சொல்றதுக்கு முந்தி இவ ஆப்புலயே சொல்லிட்டா" என்று பெண்கள் சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எவ்வளவு அழுதிருப்பாள் என்பது ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அது அவளுடைய பெரியம்மா மகள் சாலிஹா.

சூஃபியாவுக்கு உம்மா சின்ன வயதிலேயே மவுத்தாகிவிட்டார். அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது, முதல் நோன்புக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தது, தலாக் ஆனபோது "வந்து என் வீட்டுல கிட, அந்த நாய் கிடக்கான்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது எல்லாம் சாலிஹா லாத்தாதான். அந்த ஊரில் அக்காவை லாத்தா என்பார்கள், அண்ணனைக் காக்கா என்பார்கள். சூஃபியாவுக்கு லாத்தா என்றால் உயிர். இதைச் சொல்ல வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை.

சாலிஹாவுக்கு சர்க்கரை நோய். காலையில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். அந்த இரண்டாவது விஷயத்தில்தான் அவள் மோசம். எதையாவது துடைத்துக்கொண்டு, மடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். சுகர் இறங்கி இரண்டு தடவை மயங்கி விழுந்திருக்கிறாள். மகள் மர்ஜானா மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். புருஷன் தாஹா சார்ஜாவில், கண்டெய்னர் யார்டில் இரவு வேலை. வேலைக்காரி இராமலட்சுமி பாத்திரம் கழுவிவிட்டுப் பதினோரு மணிக்குப் போய்விட்டால், மத்தியானம் முழுக்க அந்தப் பெரிய வீட்டில் சாலிஹா ஒற்றை ஆள். அதனால்தான் வாசலில் இருந்தது போதாதென்று கூடத்தில், சாப்பாட்டு மேஜையைப் பார்த்தாற்போல இன்னொரு கேமரா வைக்கப்பட்டது. திருடனுக்காக இல்லை, அவள் விழுந்தால் யாராவது பார்க்க வேண்டும் என்பதற்காக.

பார்த்தும் இருக்கிறார்கள். ஒருநாள் மத்தியானம் சூஃபியா பள்ளிவாசல் தெருவில் ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது தாஹாவிடமிருந்து போன் வந்தது. தூக்கம் கலையாத குரல். "சூபி, உங்க லாத்தா கீழ கிடக்குறா, ஓடு." அவள் ஓடினாள். சர்க்கரைத் தண்ணீரைக் கரைத்து வாயில் வைத்து, தோளில் சாய்த்துக்கொண்டு, கண் திறக்கிறவரை ஓதிக்கொண்டே இருந்தாள். கண் திறந்ததும் சாலிஹா கேட்டது, "கேஸை அணைச்சேனா?" சூஃபியாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்தும் மச்சான் தூங்காமல் பார்க்கிறாரே, எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்த மனுஷன் போன தை மாசத்தில் வேலையிடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. உடலைக் கொண்டுவருவதற்கு நாளாகும் என்றார்கள். அங்கேயே அடக்கம் செய்தார்கள். சாலிஹா தன் புருஷனின் கபுரைப் போனில்தான் பார்த்தாள். எவனோ பிடித்த வீடியோ, காற்றில் மண் பறந்துகொண்டிருந்தது, முகம் தெரியவில்லை. அவள் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள்.

இத்தா தொடங்கியது. புருஷனை இழந்தவள் நாலு மாசம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும். வாப்பா, கூடப் பிறந்தவன், பெற்ற பிள்ளை போன்ற உறவுகள் தவிர வேறு ஆண்களின் பார்வையில் படக்கூடாது. வீடு நிறையப் பெண்கள். அவர்களுக்கு நடுவில் தாஹாவின் பெரிய மாமி ஜுனைதா உட்கார்ந்திருந்தார். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தவர். கெட்ட மனுஷி என்று யாரும் சொல்ல முடியாது. அன்றைக்கு அவர் கண் தற்செயலாக மேலே போய், கேமராவின் பச்சை விளக்கில் நின்றது.

"இது எரியுதே, இதுல யாரும்மா பாக்குறா?" என்றார்.

"மர்ஜானா பாக்குறா மாமி" என்றாள் சூஃபியா.

"ஆம்பளைய யாராச்சும்?"

சூஃபியா தயங்கினாள். தாஹாவின் தம்பி ஹாஜா முகைதீன் பினாங்கிலிருந்து பார்ப்பது அவளுக்குத் தெரியும்.

"இத்தாவுல இருக்குற புள்ளைய ஊரு பாக்குறதாவது. அதைக் கழட்டிப் போடு" என்றார் மாமி. மற்றப் பெண்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

இங்கேதான் சூஃபியா தன் வேலையில் கெட்டிக்காரி என்பதைக் காட்டினாள். "கழட்ட வேணாம் மாமி. லாத்தாவுக்கு சுகர் இருக்கு, ஒத்தையில கிடப்பா. கேமரா இருக்கட்டும். ஆம்பளைய பேரை மட்டும் எடுத்துருவோம். பாக்க வேண்டியவங்க மட்டும் பாக்கட்டும்" என்றாள். மாமிக்கே அது பிடித்துப்போனது. எல்லாருக்கும் நியாயம் செய்த நிம்மதியோடு அவள் சாலிஹாவின் போனை எடுத்தாள். மற்ற வீடுகளில் செய்வதுபோலவே பெயர்களைச் சத்தமாக வாசித்தாள்.

மர்ஜானா. இருக்கட்டும்.

ஹாஜா முகைதீன். எடுத்தாயிற்று.

தாஹா. சூஃபியாவின் விரல் நின்றது. சுவரில் சாய்ந்திருந்த சாலிஹா, "அது கிடக்கட்டும்" என்றாள். ஒரு கிழவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசியில் இன்னொரு பெயர் இருந்தது. வி.கே. என்று இரண்டே எழுத்து, சார்ஜா நம்பர்.

"வி.கே.ன்னு ஒண்ணு கிடக்கு. யாரு லாத்தா இது?"

சாலிஹா நிமிர்ந்தாள். வாய் ஏதோ சொல்லத் திறந்தது. மாமியைப் பார்த்தாள், சுற்றியிருந்த பெண்களைப் பார்த்தாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியலையே" என்றாள்.

"தெரியலையா? நல்லாருக்கு. தெரியாதவன்லாம் வீட்டுக்குள்ள கிடக்கான், நீ பாட்டுக்கு இருக்க. இதுக்குத்தான் நான் தொண்டை கிழியக் கத்துறது" என்று சூஃபியா அந்தப் பெயரை நீக்கினாள். கையோடு பாஸ்வேர்டையும் மாற்றினாள். பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். "இந்தக் காலத்துல யாரை நம்புறது" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். பேச்சு வேறு வீட்டுக் கதைக்குப் போய்விட்டது.

மர்ஜானா ஒரு மாசம் உம்மாவோடு இருந்துவிட்டு, செமஸ்டர் பரீட்சை வந்ததும் போக வேண்டியதாயிற்று. ராத்திரி சூஃபியா வந்து படுத்துக்கொள்வாள். காலையில் லாத்தா ஊசி போட்டுக்கொள்வதைப் பார்த்துவிட்டு, இட்லியை மேஜையில் வைத்து, "சாப்பிடு, சாப்பிடுன்னு சொல்ல இனிமே மச்சான் இல்ல, நீயாத்தான் சாப்பிடணும்" என்று மிரட்டிவிட்டு வேலைக்குப் போவாள். சாலிஹா தலையை ஆட்டுவாள். இட்லியில் பாதி இராமலட்சுமியின் பிள்ளைக்குப் போகும்.

ஒருநாள் காலை, சூஃபியா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது சாலிஹா பின்னாலேயே வந்து நின்றாள்.

"சூபி, அன்னைக்குக் கேமராவுல எடுத்தியே, அதைத் திரும்பப் போட முடியுமா?"

"யாரை, ஹாஜா காக்காவையா? ஏன், அவரு ஏதும் சொன்னாரா?"

சாலிஹா வாசலைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பெண் எதற்கோ வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தாள்.

"இத்தா முடியட்டும் லாத்தா, போட்டுருவோம். என்ன அவசரம், நான்தான் இருக்கேன்ல" என்றாள் சூஃபியா.

"ஆமா. நீ இருக்க" என்றாள் சாலிஹா. அவள் உள்ளே போய்விட்டாள்.

நான்தான் இருக்கேன்ல என்று சொல்லிவிட்டுப் போனவளுடைய போனில் அந்த வீட்டுக் கேமரா இல்லை. எந்த வீட்டிலும் தன் பெயரை வைத்துக்கொள்ளாதவள், லாத்தா வீட்டுக்கு மட்டும் விதிவிலக்கு வைப்பாளா. மச்சான் பார்க்கிறார், அது போதும் என்று மாட்டிய அன்றைக்கே தன்னையும் நீக்கிக்கொண்டாள். மச்சான் போனபின் மர்ஜானா பார்க்கிறாள் என்று இருந்துவிட்டாள். ஊர் முழுக்க யார் யார் பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு திரிந்தவள், லாத்தாவை யார் பார்க்கிறார்கள் என்று ஒரு தடவை உட்கார்ந்து யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

அது ஒரு வியாழக்கிழமை. சூஃபியா பெரியபட்டினத்தில் ஒரு புது வீட்டில் இருந்தாள். கதவுப் பூட்டே போனில் திறக்கிற மாதிரி வைத்திருந்தார்கள். அதற்கு யாருக்கெல்லாம் அனுமதி என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் பெரிய பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு மர்ஜானாவின் போன்.

"சாச்சி, உம்மா போன எடுக்க மாட்டேங்குறாங்க. இப்பதான் ஆப்பப் பாத்தேன். உம்மா கீழ…" பிள்ளை அழுதுவிட்டாள்.

பெரியபட்டினத்திலிருந்து கீழக்கரைக்கு ஆட்டோ எவ்வளவு நேரத்தில் வந்தது என்று சூஃபியாவுக்குத் தெரியாது. அவள் போனில் சொன்னதைக் கேட்டு அடுத்த வீட்டுக்காரர் உள்தாழிட்ட கதவை உடைத்துக்கொண்டிருந்தார். சாலிஹா சாப்பாட்டு மேஜைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒருக்களித்துக் கிடந்தாள். அவள் போன் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்து, விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. உடம்பில் சூடு இருந்தது. சூஃபியா சர்க்கரைத் தண்ணீரை வாயில் வைத்தாள். அது கடைவாய் வழியே வழிந்துவிட்டது. ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா, "ரொம்ப நேரமா இப்பிடியே கிடந்திருக்காங்க. மூளைக்குப் பாதிப்பாயிருச்சு. கொஞ்சம் முந்தி யாராச்சும் பாத்திருந்தா" என்றவர், சூஃபியாவின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்து, சனிக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரத்தில் சாலிஹா போய்விட்டாள். இத்தாவே முடியவில்லை.

கேமராவைக் குறை சொல்ல முடியாது. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. பன்னிரண்டே காலுக்கு அவள் நாற்காலியைப் பிடிக்கப் போய்ப் பிடிக்க முடியாமல் விழுந்ததைப் படம் பிடித்து, பார்க்க அனுமதி உள்ளவர்கள் எல்லாருக்கும் உடனே அனுப்பியிருந்தது. அனுமதி உள்ளவர்களில் ஒருத்தி பரீட்சை ஹாலில், போனை வாசலில் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒருவர் கபுரில் இருந்தார். இன்னொருத்தி அந்தத் தரையில் கிடந்தவளேதான். அவள் விழுந்துவிட்டாள் என்ற செய்தி அவள் போனுக்கும் வந்திருந்தது.

மர்ஜானா தன்னையே தின்றுகொண்டாள். பரீட்சை முடிந்து வெளியே வந்தவுடன் போனைப் பார்க்காமல் கூட்டாளிகளோடு சாப்பிடப் போனதை நினைத்து நினைத்து, சோற்றைத் தொடவே மாட்டேன் என்றாள். "உன் மேல என்னம்மா தப்பு" என்று சூஃபியா தடவிக் கொடுத்தாள். ஜுனைதா மாமி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு, "கேமராவக் கழட்டுன்னு சொன்னேனே, நீதான் வேணாம்னு சொன்ன, நல்லவேளை அதாவது இருந்துச்சே" என்று அழுதார். அதைக் கேட்டதும் சூஃபியா அவர் பிடியிலிருந்து விலகிக்கொண்டாள். ஏனென்று அவளுக்கே அப்போது புரியவில்லை.

வீடு இப்போது மர்ஜானாவுடையது. கேமராவும் அவள் பேருக்கு மாற வேண்டும். சூஃபியா இரண்டு வாரம் அதைத் தள்ளிப்போட்டாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாலிஹாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். மர்ஜானா மாடியில் இருந்தாள். பெயரை மாற்ற விரல் போகவில்லை. அப்போது அந்தப் போனே அதிர்ந்தது. வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று படம் காட்டியது. முப்பது வயதுக்குள் இருக்கும், ஒல்லியான ஆள், பக்கத்தில் கயிறு கட்டிய பெரிய சூட்கேஸ். மணியை அடிக்கலாமா வேண்டாமா என்று கை அந்தரத்தில் நின்றது.

சூஃபியா போய்க் கதவைப் பாதி திறந்தாள்.

"வணக்கம்க்கா. நான் வினோத்குமார். மாரியூர்க்காரன். சார்ஜாவுல தாஹாண்ணன் ரூமுல இருந்தேன். அண்ணன் சாமான்லாம் இதுல இருக்கு" என்று பெட்டியைப் படிக்கட்டு ஓரம் வைத்தான். அவன் படி ஏறவில்லை. "மதினி இத்தாவுல இருப்பாங்கன்னு தெரியும். நான் உள்ள வரலைக்கா. இங்கனயே குடுத்துட்டுப் போறேன். நான் வந்து கேட்டதா மட்டும் அவங்ககிட்ட சொல்லுங்க."

ஊர்க்காரர்கள் யாருமா இவனுக்குச் சொல்லவில்லை?

அவள் கேட்காமலேயே அவன் சொன்னான். "அண்ணன் போனதும் என்னை அபுதாபி சைட்டுக்கு மாத்திவிட்டாங்க. ஒரு சேதியும் தெரியல. அண்ணன் போனும் லாக்கு, இந்தப் பெட்டிக்குள்ளதான் கிடக்கு. மதினிக்கு இப்ப மேலுக்கு எப்பிடிக்கா இருக்கு? நேரத்துக்குச் சாப்பிடுறாங்களா?"

"நீ… உங்க பேரு வினோத்குமாருன்னா சொன்னீங்க?"

"ஆமாக்கா. கேமராவுல வி.கே.ன்னு இருந்திருக்குமே." அவன் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தான். "அதை எடுத்துட்டாங்க. எடுத்ததுதான் முறை. அண்ணன் போனதுக்கப்பறம் நான் பாத்தா நல்லாவா இருக்கும்? மதினியே எடுத்திருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். ஆனா நம்ம ஊரு பன்னெண்டு மணியானா கை தானா போனைத் தேடும்க்கா, பழக்கதோஷம்."

"நீங்க எதுக்குப் பாத்தீங்க?" என்று கேட்டாள் சூஃபியா.

"அண்ணன் நைட் டூட்டி பாத்துட்டு வந்து படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கும். எனக்குச் சாயங்கால டூட்டி. 'ஏலே, நான் தூங்குறப்ப உங்க மதினியப் பாத்துக்கடா'ன்னு சொல்லுச்சு. மதினிதான் போன்ல அனுமதி அனுப்பிச் சேத்துவிட்டாங்க. அவங்களுக்கு இஷ்டமே இல்ல, அண்ணன் சொன்னதுக்காக அனுப்புனாங்க. ஊருல யாருகிட்டயும் சொல்லிறாதீங்க, தப்பாப் பேசுவாங்கன்னு ரெண்டு பேரும் சொன்னாங்க. நான் முகத்தைல்லாம் பாக்க மாட்டேன்க்கா, சாமி சத்தியமா. மேஜை தெரியும். சாப்பிட்டு முடிச்சா டம்ளரைக் கவுத்தி வைப்பாங்க, எனக்காக. அது கவுந்துருச்சுன்னா போனை வச்சிருவேன். கவுக்கலைன்னா அண்ணனை எழுப்புவேன். ஒருதரம் கீழ விழுந்துட்டாங்க. நான் போட்ட சத்தத்துல ரூமே எந்திரிச்சிருச்சு. அண்ணன் யாரோ தங்கச்சிக்குப் போன் போட்டுச்சு. அவங்கதான் ஓடிப்போய்க் காப்பாத்துனாங்களாம்."

தெரியலையே என்று தலை குனிந்த லாத்தாவின் முகம் சூஃபியாவின் கண்ணுக்குள் வந்து நின்றது. அத்தனை பெண்கள் மத்தியில், புருஷன் போய்க் கொஞ்ச நாள்கூட ஆகாதவள், ஒரு அந்நியனுக்காக டம்ளரைக் கவிழ்த்து வைப்பேன் என்று எப்படிச் சொல்லியிருப்பாள்? செருப்பு மாட்டும்போது பின்னால் வந்து நின்றாளே, அப்போதாவது அவள் கண்ணைப் பார்த்துக் கேட்டிருக்கலாம். ஊர்ப் பெண்களிடமெல்லாம் இவர் யார், இவர் யார் என்று துருவித் துருவிக் கேட்கிற வாய், அன்றைக்கு ஹாஜா காக்காவா என்று தானே பதிலையும் சொல்லிக்கொண்டது.

"அந்தப் பேரை லாத்தா எடுக்கல தம்பி. நான்தான் எடுத்தேன்" என்றாள். "லாத்தா இல்ல. மவுத்தாயிட்டா. சுகர் இறங்கிக் கீழ விழுந்து… யாரும் பாக்கல."

வினோத்குமார் சூட்கேஸின் மேல் கையை ஊன்றிக்கொண்டான். பிறகு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். தெருவில் ஒரு மீன்காரியின் கூவல் வந்து கடந்து போனது. அவன் உதடு எதையோ கணக்குப் போடுவதுபோல அசைந்தது.

"எத்தனை மணிக்குக்கா?"

"பன்னெண்டே காலு."

அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும்.

"அந்நேரம் நான் முழிச்சுத்தான்க்கா இருந்தேன்" என்றான்.